நகரங்கள் பிறந்த கதை – 14: ஊர் வளர்ந்தால் நிலத்தின் விலை யாருக்கு?

1903-ம் ஆண்டு லண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் மாவட்டத்தில் சத்தமில்லாமல் நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. விற்றவர்கள் 15 பேர். பக்கத்து நிலத்தை வாங்குவதும் அதே ஆட்கள்தான் என்பது அவர்களில் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுநாளே விலை ஏறிவிடும். ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி, விஷயம் கசியாமல் பத்திரங்களை முடித்தார்கள். கடைசியில் ஒரே கைக்கு வந்து சேர்ந்தது 3,818 ஏக்கர். கொடுத்த பணம் 1,55,587 பவுன். ஏக்கருக்கு 41 பவுன்கூட ஆகவில்லை.

அவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. 1870-களிலிருந்து அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்க, இங்கிலாந்தில் விவசாயம் படுத்துவிட்டது. குத்தகை வரவில்லை, கூலியாட்கள் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்கள். லெட்ச்வொர்த், நார்ட்டன், வில்லியன் என்று அந்த வட்டாரத்தில் மூன்று கிராமங்கள். மூன்றிலும் சேர்த்து சுமார் 400 பேர்தான் மிச்சம்.

சென்ற அத்தியாயத்தில் லண்டன் சேரிகளைப் பார்த்தோம். பீபாடி அறக்கட்டளையும், ஐந்து சத லாபம் போதும் என்று சொன்ன கம்பெனிகளும் ஏழைகளுக்காக அடுக்குக் குடியிருப்புகள் கட்டின. நல்ல எண்ணத்தில் குறையில்லை. ஆனால் லண்டனின் நடுவே மனை விலை இருந்த இருப்பில், எவ்வளவு நெருக்கிக் கட்டினாலும் வாடகை நிலையான வேலையுள்ள தொழிலாளிக்குத்தான் கட்டுப்படியானது. துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு நின்றவன் பழைய சேரியிலேயே கிடந்தான். நிலம் விலையேறிய இடத்தில் வீட்டை மலிவாக்க முடியாது. நிலம் மலிவாக இருக்கும் இடத்துக்கு ஊரையே கொண்டுபோக வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின் கதைதான் இந்த அத்தியாயம்.

அவர் பெயர் எபனேசர் ஹோவர்ட். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேச்சுகளைக் குறித்தெடுக்கும் சுருக்கெழுத்தாளர். 1850-ல் லண்டனில் ஒரு கடைக்காரருக்கு மகனாகப் பிறந்தார். 21 வயதில் அமெரிக்கா போய் நெப்ராஸ்காவில் விவசாயம் செய்து பார்த்தார், கைகூடவில்லை. பெருந்தீயில் எரிந்து மறுபடி எழும்பிக்கொண்டிருந்த சிகாகோவில் சில காலம் நீதிமன்றச் சுருக்கெழுத்து வேலை பார்த்தார். 1876-ல் ஊர் திரும்பினார். அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து, நிலப் பிரச்சினை, குடியிருப்புப் பிரச்சினை, கிராமங்கள் காலியாகும் பிரச்சினை என்று தலைவர்கள் பேசிய எல்லாவற்றையும் எழுதி எடுத்தார். சொத்து, பட்டம், பதவி எதுவும் இல்லாத மனிதர். 1898-ல் அவருடைய புத்தகம் வெளிவந்தபோது அச்சுச் செலவுக்கு ஒரு நண்பர் 50 பவுன் கடன் கொடுத்து உதவினார். 1902-ல் அதே நூல் ‘நாளைய தோட்ட நகரங்கள்’ என்ற பெயரில் மறுபதிப்பு கண்டது.

அந்தப் புத்தகத்தின் வட்ட வட்டமான வரைபடங்களைத்தான் இன்றைக்கும் எல்லோரும் காட்டுகிறார்கள். நடுவில் பூங்கா, சுற்றிலும் வீடுகள், ஓரத்தில் தொழிற்சாலைகள், அதற்கப்பால் விவசாய நிலம். என்னைக் கேட்டால் அந்தப் படங்களைவிடப் பல மடங்கு முக்கியம் அதிலுள்ள வரவுசெலவு. 6,000 ஏக்கர் விவசாய நிலத்தை ஏக்கர் 40 பவுனுக்கு வாங்குவது; 2,40,000 பவுன் ஆகும். அதை நான்கு சத வட்டிக்குக் கடன் வாங்கினால் ஆண்டுக்கு 9,600 பவுன் வட்டி. அங்கே 32,000 பேர் குடியேறினால் தலைக்கு ஆண்டுக்கு 6 ஷில்லிங். நிலத்துக்காக ஒரு மனிதர் சுமக்க வேண்டிய வட்டிச் சுமை அவ்வளவுதான்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. வயலாக இருந்த இடத்தில் 32,000 பேர் வந்துவிட்டால் நிலத்தின் மதிப்பு பல மடங்கு ஏறும். ஏற்றியவர் யார்? நிலச்சொந்தக்காரர் அல்ல, அங்கே வந்து வாழ்ந்து, உழைத்து, கடை போட்டு, பள்ளிக்கூடம் நடத்தும் மக்கள். ஆகவே அந்த உயர்வு ஊருக்கே சேர வேண்டும் என்றார் ஹோவர்ட். நிலம் முழுவதும் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். ஒருவரும் மனையை விலைக்கு வாங்க முடியாது, வாடகைதான். அந்த வாடகையில் முதலில் கடன் வட்டி, அடுத்து அசல், மிச்சம் சாலை, பள்ளி, மருத்துவம், முதியோர் ஓய்வூதியம். கடன் தீரத் தீர மிச்சம் பெருகும். அரசுக்கு வரி ஏற்ற வேண்டியதில்லை, யாருடைய நிலத்தையும் பிடுங்க வேண்டியதில்லை, புரட்சியும் தேவையில்லை.

காகிதத்தில் இப்படி. நிலத்தில் இறங்கியதும் பணம் தேவைப்பட்டது.

1899-ல் தோட்ட நகரச் சங்கம் தொடங்கியது. 1901-ல் ரால்ஃப் நெவில் என்ற பெரிய வழக்கறிஞர் அதற்குத் தலைவரானார். சாக்லெட் தொழிலதிபர் ஜார்ஜ் கேட்பரியும் சோப்புத் தொழிலதிபர் லீவரும் ஆதரவு கொடுத்தார்கள். இருவரும் தங்கள் தொழிலாளர்களுக்கு முன்பே போர்ன்வில், போர்ட் சன்லைட் என்று குடியிருப்புகள் அமைத்தவர்கள். 1903 செப்டம்பரில் ‘ஃபர்ஸ்ட் கார்டன் சிட்டி லிமிடெட்’ என்ற கம்பெனி பதிவானது. தொடக்கத்தில் சொன்ன 3,818 ஏக்கரும் வந்து சேர்ந்தது இதன் கைக்குத்தான். அனுமதிக்கப்பட்ட மூலதனம் 3 லட்சம் பவுன். அதன் விதிகளில் ஒரு வரி: பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் ஈவுத்தொகை கிடையாது, அதற்கு மேல் வருவது ஊரின் நன்மைக்கு.

இன்று உலகமெங்கும் போடப்படும் அரசு-தனியார் கூட்டு ஒப்பந்தங்களில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. சாலையின் அகலம், குழாயின் விட்டம், தாமதத்துக்கு அபராதம் எல்லாம் இருக்கும். இந்த ஒரு வரிக்கு நிகரான வரியைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இருக்காது.

1903 அக்டோபர் 9 அன்று, கொட்டும் மழையில், சேற்று வயலில் கூடாரம் போட்டுத் திறப்பு விழா நடந்தது. கம்பெனிக்குச் சேர்ந்த பணமோ முதல் ஆண்டில் சுமார் ஒரு லட்சம் பவுன்தான். ஐந்து சதத்துக்கு மேல் கிடைக்காது, அந்த ஐந்தும் எப்போது கிடைக்குமென்று தெரியாது என்றால் பங்கு வாங்க யார் வரிசையில் நிற்பார்கள்? ஆனால் சாலை, குடிநீர், எரிவாயு, கழிவுநீர் எல்லாவற்றுக்கும் முதலில் செலவு செய்தாக வேண்டும். குடிவருபவர்கள் பிறகுதான் வருவார்கள், வாடகை அதற்கும் பிறகு. புது ஊர் கட்டுகிற எல்லோரையும் இறுக்கிப் பிடிக்கிற இடைவெளி இது. லெட்ச்வொர்த் கம்பெனி அந்த இடைவெளியைக் கடன் வாங்கி வாங்கித்தான் கடந்தது. 1913-ல்தான் முதன்முதலாக ஈவுத்தொகை கொடுக்க முடிந்தது, அதுவும் ஒரு சதவீதம். முழு ஐந்து சதவீதம் கொடுக்க 1923 ஆயிற்று. இருபது ஆண்டுக் காத்திருப்பு! இவ்வளவு பொறுமையான பணம் சந்தையில் கிடைப்பது அபூர்வம்.

பணத் தட்டுப்பாடு இருந்தால் கொள்கைதான் முதலில் அடிவாங்கும். ஹோவர்ட் விரும்பிய குத்தகையில் மனை வாடகையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்ய இடமிருந்தது. ஊர் வளர வளர வாடகையும் ஏறி, உயர்வு ஊருக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. தொழிற்சாலைக்காரர்களும் கடன் கொடுப்பவர்களும் மறுத்துவிட்டார்கள். பத்தாண்டு கழித்து என்ன வாடகை என்றே தெரியாத மனையில் யார் ஆலை கட்டுவார்கள்? நெவிலும் மற்ற இயக்குநர்களும் யோசித்து, வாடகை மாறாத வழக்கமான 99 ஆண்டுக் குத்தகைக்கு வழி விட்டார்கள். ஊர் பிழைத்தது. ஆனால் ஊர் வளர்ந்ததால் வந்த மதிப்பின் பெரும்பகுதி, குத்தகைக் காலம் முடிகிற வரை, மனையைப் பிடித்தவரிடமே தங்கியது. லெட்ச்வொர்த்தின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த முடிவுதான். பேரி பார்க்கர், ரேமண்ட் அன்வின் என்ற இரு மைத்துனர்கள் போட்ட அழகான நகரத் திட்டம் இதற்கு அடுத்துத்தான்.

அவர்கள் திட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்வின் பொறியாளராக இருந்து கட்டடக் கலைக்கு வந்தவர், சமதர்மவாதி. ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில் விழ வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். முன்வாசல் தெருவைத்தான் பார்க்க வேண்டும் என்ற வழக்கத்தை மீறி, சூரியனைப் பார்த்து வீடுகளைத் திருப்பினார். ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகள் போதும் என்பது அவர் பின்னாளில் பரப்பிய கணக்கு. தொழிற்சாலைகளை ரயில் பாதையோரம் கிழக்கே வைத்தார்கள். அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்றடிப்பதால் புகை ஊருக்குள் வராது.

சரி, ஏழைக்கு வீடு? அதற்கு 1905-ம் ஆண்டு கோடையில் ஒரு கண்காட்சி நடந்தது. ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையின் ஆசிரியர் ஸ்ட்ரேச்சி, கிராமத் தொழிலாளிக்கு 150 பவுனில் வீடு கட்ட முடியாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். 150 பவுனுக்கு ஐந்து சத வரும்படி என்றால் ஆண்டுக்கு ஏழரை பவுன். வாரத்துக்கு மூன்று ஷில்லிங்குக்கும் கொஞ்சம் குறைவு. அந்த வாடகையைத்தான் உழைப்பாளியால் கொடுக்க முடியும். கம்பெனி மனை கொடுத்தது. கட்டடக் கலைஞர்களும் கட்டுமானக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட சிறு வீடுகளை எழுப்பினார்கள். லண்டனிலிருந்து ரயிலில் வந்து பார்த்தவர்கள் 60,000 பேருக்கும் அதிகம். 150 பவுன் வீட்டுக்கான முதல் பரிசு பெர்சி ஹௌஃப்டன் என்பவருக்குக் கிடைத்தது.

அந்த வீடுகளில் ஒன்று வில்பரி சாலையில் இருக்கிறது. லிவர்பூல் மாநகரப் பொறியாளர் ஜான் பிரோடி கட்டியது. கால்பந்து கோலுக்குப் பின்னால் வலை கட்டும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவரும் இவரே. லிவர்பூலில் குப்பையை எரிக்கும் உலைகளில் மிஞ்சும் கசடைப் பொடித்து, சிமெண்டோடு கலந்து, சுவர் சுவராக அச்சில் வார்த்தார். ஜன்னலுக்கும் கதவுக்கும் இடம் விட்டே வார்த்தார். அந்தப் பலகைகளை லெட்ச்வொர்த்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றோடொன்று பூட்டினார். தொழிற்சாலையில் சுவர் வார்த்துக் கொண்டுவந்து மாட்டும் முறையைப் பின்னால் எத்தனையோ அரசுகள் கையிலெடுத்தன. அதற்கு முன்னோடியான இந்த வீடு நகராட்சிக் குப்பையிலிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு வீட்டுவசதி அதிகாரியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் 150 பவுன் என்பது முழுக் கணக்கு அல்ல. மனையின் விலை அதில் இல்லை. கட்டுமானக்காரரின் லாபம் இல்லை, வரைந்தவரின் கூலியும் இல்லை. அவற்றையெல்லாம் சேர்த்தால் உழைப்பாளியின் கைக்கு எட்டவில்லை. கண்காட்சி வீடுகளில் பலவற்றை, வார இறுதியில் காற்று வாங்க வந்த வசதிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். லெட்ச்வொர்த் ஆலைகளில் வேலை செய்த பலர் பக்கத்து ஊர்களான ஹிட்சின், பால்டாக்கிலிருந்து சைக்கிளில் வந்து போனார்கள். அங்கே பழைய, இருண்ட வீடுகள். ஆனால் வாடகை குறைவு.

பிறகு வீடு உண்மையிலேயே மலிவானபோது, அது கட்டடக் கலைஞரின் சாமர்த்தியத்தால் அல்ல, கடன் மலிவானதால். வீட்டின் வாடகையில் பெரும்பகுதி செங்கல்லுக்குப் போவதில்லை. போட்ட பணத்தின் வட்டிக்குப் போகிறது. அன்வினின் நண்பர்கள் நடத்திய கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கங்கள் இதைப் புரிந்துகொண்டன. குடியிருப்பவர்களே பங்குதாரர்கள், மீதிப் பணத்தில் பெரும்பகுதியை அரசின் பொதுப்பணிக் கடன் ஆணையம் குறைந்த வட்டியில் கொடுத்தது. பேர்ட்ஸ் ஹில், பிக்ஸ்மோர் பகுதிகளின் வரிசை வீடுகள் இப்படித்தான் எழுந்தன. 1911-ல் ஹோவர்டின் பெயரிலேயே குடிசை வீட்டுச் சங்கம் ஒன்று தொடங்கியது; அது இன்றும் வீட்டுவசதிச் சங்கமாக இயங்கி வாடகைக்கு வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் 1919-ல் அமைச்சர் அடிசன் கொண்டுவந்த சட்டம் உள்ளாட்சிகளுக்கு மானியம் கொடுத்து வீடு கட்டச் சொன்னது. அதே ஆண்டு லெட்ச்வொர்த்துக்குத் தனி நகர்ப்புற மன்றம் வந்தது. ஏழைத் தொழிலாளிக்கு ஊருக்குள் கணிசமாக இடம் கிடைத்தது மன்றம் வீடு கட்டத் தொடங்கிய பிறகுதான்.

நிலம் கம்பெனியிடமிருந்து, கடனும் மானியமும் அரசிடமிருந்து, கட்டி நிர்வகிப்பது லாப நோக்கமற்ற சங்கமோ மன்றமோ. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் வீடு கிடைத்தது. ஒன்று குறைந்தாலும் கிடைக்கவில்லை. தனியார் முதலீடு வந்தால் மலிவு வீடு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் லெட்ச்வொர்த்தின் முதல் பதினைந்து ஆண்டுகளைப் படிக்க வேண்டும் என்று நான் உளமார வேண்டுவேன்.

இடையில் 1909-ல் அமைச்சர் ஜான் பர்ன்ஸ் கொண்டுவந்த வீட்டுவசதி, நகரத் திட்டச் சட்டத்தை மறக்கக் கூடாது. பிரிட்டனில் நகரத் திட்டமிடலுக்கு வந்த முதல் சட்டம் அது. அந்த அலை நம் கரையையும் தொட்டது. சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு, ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸை அவருடைய நகரத் திட்டக் கண்காட்சியோடு 1914-ல் இங்கே அழைத்தார். கண்காட்சிப் பொருள்கள் ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலில் தனியாக வந்தன. அந்தச் செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அடுத்த மாதமே அந்தக் கப்பலைக் கடலில் மூழ்கடித்துவிட்டது. பல ஆண்டுகள் சேர்த்த வரைபடங்கள் எல்லாம் போயின. நண்பர்கள் இங்கிலாந்திலிருந்து மறுபடி திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தேவிட்டது. 1920-ல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. அந்தக் கதை தனி அத்தியாயத்துக்கு உரியது.

லெட்ச்வொர்த் மெல்ல வளர்ந்தது. ‘எவ்ரிமேன்’ மலிவுப் பதிப்பு வரிசையை வெளியிட்ட டென்ட் நிறுவனம் தன் அச்சகத்தை இங்கே வைத்தது. ஸ்பைரெல்லா என்ற அமெரிக்கக் கம்பெனி பெண்களுக்கான இறுக்குடை ஆலையைக் கட்டியது. பெரிய ஜன்னல்கள், தொழிலாளர்களுக்குக் குளியலறைகள், நூலகம் என்று அரண்மனை மாதிரி இருந்தது. 1921-ல் ஊரின் மக்கள்தொகை சுமார் 10,000. ஹோவர்ட் கணக்குப் போட்ட 32,000-ல் மூன்றில் ஒரு பங்கு.

அவர் இதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அரசு நூறு நகரம் கட்ட வேண்டும் என்று இளைஞர் ஃபிரெடரிக் ஆஸ்பர்ன் முதலானோர் வாதாடிக்கொண்டிருக்க, அரசுக்காகக் காத்திருந்தால் நடக்காது என்று 1919-ல், கையில் போதிய பணமில்லாமல், ஏலத்தில் போய் வெல்வின் நிலத்தை எடுத்துவிட்டார். முன்பணத்தை நண்பர்களிடம் கேட்டுத் திரட்டினார், அதுவும் போதாமல் ஏலம் நடத்தியவரிடமே கடன் வாங்கினார். அங்கேயும் கம்பெனி, அங்கேயும் அரசுக் கடன். 1928-ல் வெல்வினிலேயே இறந்தார். சொத்தென்று பெரிதாக எதையும் விட்டுச் செல்லவில்லை.

ஐந்து சத வரம்பு என்ன ஆயிற்று? இரண்டாம் உலகப் போருக்குப் பின் லெட்ச்வொர்த் கம்பெனியின் விதிகள் திருத்தப்பட்டன. ஈவுத்தொகைக் கட்டு தளர்ந்தது. பங்கு விலையோ நிலத்தின் உண்மை மதிப்புக்கு வெகு கீழே கிடந்தது. விற்பனைக்கு இருக்கும் ஊரை யாராவது வாங்க வராமல் இருப்பார்களா? 1960-ம் ஆண்டு வாக்கில் ‘ஹோட்டல் யார்க்’ என்ற கம்பெனி பங்குகளைத் திரட்டி, நிர்வாகத்தைக் கைப்பற்றியது. விவசாயக் குக்கிராமங்களை அறுபது ஆண்டுகளாக ஊராக்கிய மக்கள், தங்கள் தெருவும் கடைவீதியும் துண்டு துண்டாக விற்கப்படுமோ என்று நடுங்கினார்கள். நகர்ப்புற மன்றம் நாடாளுமன்றத்துக்குப் போனது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 1962-ல் லெட்ச்வொர்த்துக்கென்றே தனிச் சட்டம் நிறைவேறியது. 1963-ன் முதல் நாளில் நிலம் முழுவதும் ஒரு பொதுக் கழகத்தின் கைக்கு வந்தது. பங்குதாரர்களுக்கு இழப்பீடாகப் பெரும் தொகை கொடுக்க வேண்டியிருந்தது. கம்பெனி விதி என்பது பங்குதாரர்கள் கூடினால் திருத்தக்கூடியது, சட்டம் அப்படியல்ல. 1903-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்திருந்தால் அந்தப் பணம் முழுவதும் ஊருக்கே மிஞ்சியிருக்கும்.

வெல்வினுக்கு வேறு விதி. 1946-ன் புதிய நகரச் சட்டப்படி 1948-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1966-ல் அதன் சொத்துகள் லண்டனிலிருந்த புதிய நகரங்கள் ஆணையத்துக்குப் போயின. அரசு எடுத்தால் எல்லாம் பத்திரம் என்று சொல்ல நானும் ஆசைப்படுகிறேன். வெல்வினில் அது நடக்கவில்லை. அந்த ஊர் மக்களால் ஏறிய மதிப்பு மத்திய ஆணையத்தின் கணக்கில்தான் சேர்ந்தது.

லெட்ச்வொர்த்தில் 1995-ன் இன்னொரு சட்டம் பொதுக் கழகத்தை ஓர் அறநிறுவனமாக்கியது. கடைகள், தொழிற்கூடங்கள், விவசாய நிலம் ஆகியவற்றின் வாடகையில் அது இயங்குகிறது. உபரியை ஊருக்கே செலவிடுகிறது. சிகிச்சை மையம், திரையரங்கம், ஊரைச் சுற்றி சுமார் 22 கிலோமீட்டர் நடைபாதை எல்லாம் அந்தப் பணத்தில் நடப்பவை. ஹோவர்டின் கணக்கு பாதிக்கு மேல் பலித்திருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

பலிக்காத பாதி வீடுகளில் இருக்கிறது. 1967-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வந்த குத்தகைச் சீர்திருத்தச் சட்டம், நீண்ட குத்தகையில் வீடு வைத்திருப்பவர்கள் மனையையும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றது. தனித்தனி நிலப்பிரபுக்களிடம் சிக்கியிருந்தவர்களுக்கு அது நியாயமான விடுதலை. ஆனால் லெட்ச்வொர்த்தின் நிலப்பிரபு அந்த ஊரேதான். வீடு வீடாக மனை கைமாறியது. அதன்பின் வீட்டு மனைகளின் விலை உயர்வு அந்தந்த வீட்டுக்காரருக்குச் சேர்கிறது. லண்டனிலிருந்து ரயிலில் எளிதில் எட்டக்கூடிய ஊர் என்பதால் விலையும் உயர்ந்துகொண்டே போகிறது. அன்றைக்கு ஹிட்சினிலிருந்து சைக்கிளில் வந்த தொழிலாளியின் நிலையில் இருப்பவர், மன்றமும் சங்கமும் அந்நாளில் கட்டி இன்னும் விற்கப்படாமல் இருக்கும் வாடகை வீடு கிடைத்தால் மட்டுமே அந்த ஊரில் குடியிருக்க முடியும்.

(தொடரும்)